பி2 சான்றிதழும் அதற்கு அப்பாலும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஜெர்மன் கற்றல் குறித்த ஒரு மதிப்பீடு

முதியோர் பெருகி உழைக்கும் வயதினர் குறைந்துவரும் ஜெர்மனி, 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திறன்தொழிலாளர் குடியேற்றச் சட்டத்தின் மூலம் வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு வாயிலை அகலத் திறந்ததும், இந்தியத் திறன்தொழிலாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக 2024 அக்டோபரில் அறிவித்ததும், வளைகுடா நாடுகளையே நம்பியிருந்த தமிழகச் செவிலியர்களின் கவனத்தை ஐரோப்பாவின் பக்கமும் திருப்பியுள்ளன. அண்ணாமலை நகரில் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அமைந்திருக்கும் சிதம்பரத்துக்கும், அதன் மாவட்டத் தலைநகரான கடலூருக்கும் இந்த மாற்றம் நேரடியாகத் தொடர்புடையது. ஆயினும் செவிலியப் பட்டம் மட்டும் ஜெர்மனியில் பணிபுரியப் போதாது. அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் செவிலியராகத் தொழில் உரிமம் பெற, ஐரோப்பியப் பொது மொழித்தர அளவுகோலின்படி பி2 நிலைத் தேர்ச்சி வேண்டும். ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளாக ஏறும் அந்த அளவுகோலில் பி2 நான்காம் படி. முன்தயாரிப்பின்றி ஓரளவு சரளமாக உரையாடவும், பழகிய துறையைப் பற்றிய சிக்கலான செய்தியைப் புரிந்துகொள்ளவும் முடிகிற நிலை அது. இந்தச் சான்றிதழை இலக்காக வைத்து நடக்கும் மொழிக் கல்வியின் வலிமையும் குறையும் இங்கே ஆராயப்படுகின்றன.

தேர்வை மையமாகக் கொண்ட கல்வி என்றாலே இகழ்வது வழக்கமாகிவிட்டது. இந்தத் தேர்வை அவ்வாறு தள்ளிவிடுவது நியாயமன்று. ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி2 தேர்வு படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு திறன்களையும் தனித்தனியே 100 மதிப்பெண்ணுக்கு அளந்து, ஒவ்வொன்றிலும் 60 பெற்றாக வேண்டும் என்று விதிப்பதால், மனப்பாடத்தால் எழுத்தில் வென்று பேச்சில் தப்பித்துவிட வழியில்லை. தேர்வு எழுதுபவரின் குடும்பம், சாதி, சிபாரிசு எதையும் அது கேட்பதில்லை; முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. மொழியோடு சென்று இறங்குவதன் அருமையை, அது இல்லாமல் சென்றவர்களின் வரலாறு நன்றாக விளக்குகிறது. 1983இல் இலங்கையில் நடந்த இனக்கலவரத்துக்குப் பின் ஜெர்மனியில் தஞ்சம் கேட்ட ஈழத்தமிழர் பலர், விண்ணப்பம் முடிவாகும்வரை அரசின் முறையான மொழி வகுப்பு எதுவுமின்றி, உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணியிடங்களிலும் காதால் கேட்டே அம்மொழியைக் கற்றார்கள். மருத்துவரிடமும் அரசு அலுவலகத்திலும் பெற்றோருக்குப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்களாக நின்றார்கள். குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்புகளை அந்நாடு சட்டப்படி தொடங்கியதே 2005இல்தான். அதற்கு மூன்றாண்டு முன்பே, 2002இல், ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் குடமுழுக்கு நடத்தும் அளவுக்கு அந்தச் சமூகம் வேரூன்றியிருந்தது என்பது அம்மக்களின் உழைப்புக்குச் சான்று. அவர்கள் பட்ட சிரமத்தை அடுத்து வருபவர்களும் படவேண்டும் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

குறைகளில் முதலாவது காலம் பற்றியது. பி2 நிலையை எட்ட, 45 நிமிடம் கொண்ட பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது கோத்தே நிறுவனமே தரும் மதிப்பீடு. நாளொன்றுக்கு நான்கு பாடவேளை, மாதம் 25 நாள் என்று வைத்தால் 600 பாடவேளைக்கு ஆறு மாதம் ஆகும். தனியார் மருத்துவமனையில் முறைப்பணி பார்த்துக்கொண்டே நாளுக்கு இரண்டு பாடவேளை படிப்பவருக்கு ஓராண்டு முதல் பதினாறு மாதம் வரை பிடிக்கும். எனவே 'ஆறு மாதத்தில் பி2' என்னும் வாக்குறுதி, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்க வசதியுள்ளவருக்கே பொருந்தும். அந்த வசதி இல்லாதவர் கடன் வாங்கிப் படித்து, முதல் முயற்சியில் ஒரு திறனில் தவறி, மறுதேர்வுக் கட்டணத்துக்கும் கடன் வாங்க நேர்வதை மாணவரின் சோம்பல் என்று கணக்கெழுதுவது தவறு.

இரண்டாவது குறை பயிற்றுமொழி பற்றியது, இதுவே ஆழமானது. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவருக்கும் ஜெர்மன் பெரும்பாலும் ஆங்கில விளக்கங்களின் வழியாகவே கற்பிக்கப்படுகிறது. ஜெர்மனில் முதன்மை வாக்கியத்தின் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். அதைச் சார்ந்துவரும் துணைவாக்கியத்தின் வினையோ கடைசிக்குச் சென்றுவிடும். ஆங்கிலத்தின் வழியே கற்பவருக்கு இது புதிரான விதிவிலக்கு; தமிழருக்கோ பிறந்தது முதல் பழகிய அமைப்பு. 'டாக்டர் காலையில் வந்திருக்கிறார் என்று' என்பதை ஜெர்மனில் 'தாஸ் டேர் ஆர்ஸ்ட் அம் மோர்கன் கெகொம்மன் இஸ்ட்' என்பர். தமிழில் இறுதியில் வரும் 'என்று' அங்கே 'தாஸ்' என முன்னால் செல்கிறது. எஞ்சியவை டாக்டர், காலையில், வந்து, இருக்கிறார் என்று ஏறக்குறைய அதே வரிசையில் அமைகின்றன. வேற்றுமை என்னும் கருத்தும் தமிழ் மாணவருக்குப் புதிதன்று. மாறாக, தமிழின் திணை, பால் பாகுபாடு பொருளைப் பார்த்து அமைவதால், கரண்டியை ஆண்பாலாகவும் முள்கரண்டியைப் பெண்பாலாகவும் கத்தியை மூன்றாம் பாலாகவும் கொள்ளும் ஜெர்மனின் சொற்பால் அவரைத் தடுமாறச் செய்யும். ஒலியிலும் இடர்கள் உண்டு. உச்சரிப்பைத் தமிழெழுத்தில் குறித்துக்கொள்ளும் மாணவரின் ஏட்டில், மூட்டை கட்டுதலைக் குறிக்கும் சொல்லும் ரொட்டி சுடுதலைக் குறிக்கும் சொல்லும் 'பாக்கன்' என ஒரே வடிவில் நிற்கும். முதலொலியில் அதிர்வு உண்டா இல்லையா என்னும் வேறுபாட்டைக் காட்ட நம் எழுத்தில் வழியில்லை. எங்கே எளிது, எங்கே கடினம் என்பதைத் தமிழின் இயல்பிலிருந்து எடுத்துக்காட்டும் பாடநூல் ஒன்று மாணவரின் உழைப்பைப் பெருமளவு மிச்சப்படுத்தும். மொழியியல் உயராய்வுக்குப் பெயர்பெற்ற துறையைக் கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே இருக்க, அதைச் செவிலியர் கல்லூரியின் தேவையோடு இணைக்காமல் விட்டிருப்பது வருந்தத்தக்கது.

மூன்றாவது குறை, தேர்வின் மொழிக்கும் வார்டின் மொழிக்கும் உள்ள இடைவெளி. கடலூர் அரசு மருத்துவமனையில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, உண்ணச் செய்வது, உடை மாற்றுவது போன்றவற்றை உடனிருக்கும் உறவினரே பெரும்பாலும் பார்த்துக்கொள்வர். செவிலியர் ஊசி, மருந்து, பதிவேடு ஆகியவற்றில் கருத்தைச் செலுத்துவார். ஜெர்மனியில் நோயாளியின் அருகே உறவினர் தங்குவதில்லை. அந்தப் பணிகள் யாவும் செவிலியரையே சேரும். பட்டம் பெற்றவர் இதைத் தகுதிக்குறைவாக எண்ணி மனம் நோவது உண்டு. மறதிநோய் கண்ட முதியவரைப் பல் துலக்கச் சம்மதிக்கவைக்கும் பேச்சும், முறை மாறும் வேளையில் அடுத்த செவிலியருக்கு விரைந்து பொறுப்பை ஒப்படைக்கும் பேச்சும் பொதுவான பி2 பாடத்தில் போதிய இடம் பெறுவதில்லை. பவேரியாவிலும் ஸ்வாபியாவிலும் முதியோர் பேசும் வட்டார வழக்கு, ஒலிநாடாவில் கேட்ட தரமொழியிலிருந்து வெகுவாக விலகியது. சான்றிதழ் பெற்றும் முதல் மாதங்களில் எதுவும் புரியாமல் ஒதுங்கி நிற்பவர், தம் அறிவின் மீதே ஐயம் கொள்கிறார்.

கடலூரையொட்டிய இக்கடற்கரை ஒருகாலத்தில் எதிர்த்திசைப் பயணத்தைக் கண்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, முதிய தமிழாசிரியர் ஒருவரின் திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடக்கச் செய்து, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டில், 1708இல், தாம் திரட்டிய நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்பு எழுதும் அளவுக்கு முன்னேறினார். 1716இல் அவரது தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சாயிற்று. 1717இல் கடலூரில் பள்ளி தொடங்க முனைந்தார். மொழியை அதைப் பேசும் மக்களின் நடுவில், அவர்களுடைய ஆசிரியரிடமே கற்றது அவரது முறையின் சிறப்பு. ஆனால் அவரோடு இன்றைய செவிலியரை அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது. டென்மார்க் அரசரின் ஆதரவோடு வந்தவருக்கு மொழித்தேர்வு இல்லை, கடன் இல்லை, தவறினால் திருப்பி அனுப்பப்படும் அச்சமும் இல்லை. ஆசிரியரை அமர்த்திக்கொள்ளப் பணமும் கற்கப் பொழுதும் இருந்தன. அந்தப் பொழுதை ஜெர்மன் மருத்துவமனைகள் தம் செவிலியருக்கு ஊதியத்தோடு தரவேண்டும் என்று கேட்பதற்கு இந்த வரலாறு நல்ல ஆதாரமாகும்.

மொத்தத்தில், பி2 என்னும் வரம்பு நியாயமானது. அதை நோக்கி இங்கே நடத்தப்படும் கல்வி அவசரமானது, தமிழைப் பயன்படுத்தத் தவறுவது, வார்டின் வாழ்வைக் காணாதது. பி1 முடித்துச் சென்று மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பதைவிட, பி2 முடித்துச் செல்வதே மேல். உரிமம் கிடைக்கும்வரை உதவியாளர் நிலையிலும் ஊதியத்திலும் கழியும் காலம் அதனால் குறையும். பணியமர்த்தும் செலவை வேலை தருபவரே ஏற்கவேண்டும் என்னும் நெறியை ஜெர்மன் அரசின் நியாயப் பணியமர்த்தல் முத்திரை வலியுறுத்துகிறது. ஆகவே பயிற்சிக்கும் விசாவுக்கும் யார் பணம் கட்டுவது, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்னும் இரண்டையும் எழுத்தில் பெற்று, புரிந்த மொழியில் படித்துப் பார்த்த பிறகே கடலூர், சிதம்பரம் வட்டாரச் செவிலியர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.