குடவோலையும் வாயிற்கதவும்

தேர்தல் வந்ததும் நமது தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் ஒருவகை இலக்கியமும் உடன் வந்துவிடுகிறது. அது மேடைப் பிரசங்கமாயினும், சிறப்பு மலர்க் கட்டுரையாயினும், அபேட்சகரைப் புகழும் பாட்டாயினும், பல்லவி பெரும்பாலும் ஒன்றே. உலகிற்குக் குடவோலை வழியே ஜனநாயகத்தைக் கற்பித்தவன் தமிழன் என்பதே அப்பல்லவி. இவ்வகை எழுத்தைக் குறித்துச் சில வார்த்தை கூற விரும்புகிறோம். பழம்பெருமை பேசுவது குற்றம் என்பது நமது கருத்தன்று. அதில் பாதியை மறைத்துப் பேசுவதே குற்றம் என்கிறோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளே இப்பெருமைக்கு ஆதாரம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கினர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். இது திருவுளச்சீட்டேயன்றி வாக்களிப்பு அன்று. அது போகட்டும். குடத்திற்குள் எவர் பெயர் சென்றது என்பதே நமது கேள்வி. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும், வேதக்கல்வியும் வேண்டும். கல்வி மிக்கவனாயின் அரைக்கால் வேலி நிலமும் போதும் என்றொரு சலுகை உண்டு. பிராமணச் சதுர்வேதிமங்கலத்தில் எழுந்த அச்சட்டப்படி, நிலத்தை உழுதவன் பெயர் அக்குடத்தின் வாயருகேனும் சென்றிருக்குமா? கூலிக்காகக் கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரின் முன்னோர் எப்பக்கம் நின்றிருப்பர் என்பதைப் புகழ்பாடும் புலவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதே கல்லில் மெய்யாகவே போற்றத்தக்க விதியொன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும், மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அது. இதை மேடையில் எவரும் விரித்துரைக்கக் கேட்டிலோம். காரணம் வாசகருக்கே விளங்கும்!

நிற்க. தேர்தலின் குறை பெட்டியில் மட்டும் இல்லை; பெட்டிக்கு முன்னுள்ள வாயிலிலும் இருக்கிறது. அன்று அவ்வாயிலை அடைத்தது நிலம். மலாயாவில் 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் முதற் கூட்டரசுத் தேர்தல் நடந்தபோது, 52 ஆசனங்களில் 51ஐக் கூட்டணிக் கட்சி வென்றது. ரப்பர்த் தோட்டங்களை நிரப்பியிருந்தவர் தமிழர். வாக்காளர் பட்டியலிலோ இந்தியர் நூற்றுக்கு ஐவரும் இல்லை. பெரும்பாலோர் பிரஜைகளாக ஏற்கப்படாமையே காரணம். அன்று வாயிலை அடைத்தது பிரஜாவுரிமை.

இனி நமது நெகிரி செம்பிலானுக்கு வருவோம். ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்திய வாக்காளர். 2018 ஏப்ரல் 28ஆம் நாள் வேட்புமனுத் தாக்கலன்று, மக்கள் நீதிக் கட்சி அபேட்சகர் டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி, நுழைவுச்சீட்டு இல்லையென்ற காரணத்தால் மனுத்தாக்கல் நிலையத்தினுள் விடப்படவில்லை. அப்பொழுது மந்திரி புசாராயிருந்த முகமது ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது. மே 9ஆம் நாள் ரந்தாவ் வாக்காளர் ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்கு மட்டுமே வாக்களித்தனர். சட்டமன்றத்திற்கு அவர்கள் கையில் சீட்டே தரப்படவில்லை. நிலமும் இருந்தது, பிரஜாவுரிமையும் இருந்தது. ஒரு துண்டுச்சீட்டு இல்லாமையால் ஒரு தொகுதியே ஊமையாயிற்று.

ஸ்ரீராம் வழக்குத் தொடுத்தார். அபேட்சகருக்கு அச்சீட்டு வேண்டுமென்று சட்டம் கூறவில்லை எனக் கண்ட தேர்தல் நீதிமன்றம், 2018 நவம்பர் 16ஆம் நாள் அவ்வெற்றி செல்லாதென்றது. 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஏப்ரல் 13ஆம் நாள் இடைத்தேர்தல் நடைபெற்றது. முகமது ஹசானுக்கு 10,397 வாக்குகள், ஸ்ரீராமுக்கு 5,887. முன்னவரே மீண்டும் வென்றார்.

"பார்த்தீர்களா, இதற்கா இத்தனை பாடு? யார் வந்தால் நமக்கென்ன?" என்று சலித்துக்கொள்ளும் குரல் நம்மிடையே உண்டு. லயத்தை இழந்து, தோட்டம் விற்கப்பட்டு, வாக்குறுதிகளை மட்டும் சேமித்து வைத்திருப்பவனுக்கு அச்சலிப்பு வராதிருந்தால்தான் வியப்பு. ஆயினும் அதை நாம் ஒப்புவதற்கில்லை. முதலில் நிகழ்ந்தது வாக்காளரைக் கேளாமல் வந்த வெற்றி. பின்னர் நிகழ்ந்தது கேட்டுப் பெற்ற வெற்றி. இரண்டும் ஒன்றாகா. அந்த 5,887 பேரின் 'வேண்டாம்' என்னும் சொல் முன்பு காற்றோடு போயிருந்தது; பின்னர் எண்ணப்பட்டு ஏட்டில் ஏறியது. வென்றவனும் அந்த எண்ணைப் பார்த்தே அடுத்த முறை நம் வாயிலுக்கு வரவேண்டும். தோற்றவனின் வாக்கும் எண்ணப்படுவதே ஜனநாயகத்தின் உயிர்.

வாயில்கள் இன்னும் உள. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதினர் வாக்குரிமை பெற்றதும், பதிவு தானாகவே நிகழ்வதும் நன்றே. ஆயினும் அடையாள அட்டையில் பழைய லயத்து முகவரியே நிற்குமாயின், குடிபெயர்ந்தவனின் வாக்கு அவன் விட்டுவந்த ஊரிலேயே நிற்கும். சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியவருக்கு அதுவும் இல்லை. 2022 பொதுத்தேர்தலில் பாங்கித் தொகுதிக்கு மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர். சரவாக்கின் இகானுக்கு முப்பதினாயிரமும் இல்லை. இரண்டுக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரே.

எழுதுவோர்க்கு நாம் சொல்வது இதுவே. குடத்தைப் பாடியது போதும். கதவருகே நிறுத்தப்பட்டவனை எழுதுங்கள். சீட்டின்றித் திரும்பிய வாக்காளனை எழுதுங்கள். கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலிடலாகாது என்ற அந்தக் கல்லெழுத்தைத் தோட்டந்தோறும் உரக்கப் படியுங்கள். அப்பொழுது பழம்பெருமையும் பயன்படும்.