நோட்டில் விழுந்துபோன ‘ங்க’

காணையிலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறி ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்கப் போகும் பிள்ளைகளின் நோட்டைத் திறந்தால், நடுவே ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் ஆங்கிலம். ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்கள் பழக்கிய முறை. இதை மட்டம் தட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வருடக்கணக்கில் இலக்கணம் படித்தும் வாய் திறக்காத பிள்ளையை, மனப்பாடமான பத்து வாக்கியங்கள் பேச வைத்துவிடுகின்றன. ‘போயிட்டு வரேன்’ என்பதை நாமும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியா பேசுகிறோம்? வார்த்துவைத்த இத்தகைய தொடர்களே மொழி கற்பதற்கு அடிப்படை என்று 1993-இல் மொழி கற்பித்தல் வல்லுநர் மைக்கேல் லூயிஸ் ஒரு புத்தகமே எழுதினார்.

கோளாறு அந்தக் கோட்டில் இருக்கிறது. ‘தண்ணி கொடுங்க’ என்பதற்கு நேரே ‘கிவ் மீ வாட்டர்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் மரியாதை வினையின் வாலில், அந்த ‘ங்க’வில் இருக்கிறது. ஆங்கில வினைக்கு அப்படியொரு வால் கிடையாது. ஏவலைக் கேள்வியாக்கினால்தான் பணிவு வரும்: ‘கேன் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?’ கோட்டைத் தாண்டும்போது ‘ங்க’ விழுந்துவிடுகிறது. பெரியவர்களை ஒருமையில் பேசியே அறியாத பிள்ளை, இண்டர்வியூ அறையில் அதட்டுவதுபோல் ஒலிக்கிறது. அது பிள்ளைக்குத் தெரிவதுகூட இல்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

‘மெயில் வரலையா?’ என்றால் ‘ஆமா, வரல’ என்போம். ஆங்கிலத்தில் அங்கே ‘நோ’ வர வேண்டும்; ‘யெஸ்’ என்றால் வந்துவிட்டது என்று பொருள். எந்த வாக்கியப் பட்டியலும் இதைச் சொல்லித் தருவதில்லை. ‘வாட் இஸ் யுவர் குட் நேம்?’ மட்டும் தவறாமல் இருக்கும். அது இந்தியின் ‘சுப் நாம்’. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஆனால் ‘கசின் பிரதர்’ என்பதைப் பிழை என்று அடிக்க எனக்கு மனம் வராது. சித்தப்பா மகனா மகளா என்று சொல்லாமல் உறவு சொல்ல நமக்கு எப்படி வாய் வரும்?

1979 முதல் 1984 வரை ஆங்கிலம் கற்பித்தல் வல்லுநர் என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் வேறொரு வழியைச் சோதித்தார். வாக்கியங்களைத் திரும்பச் சொல்ல வைக்கவில்லை. ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, ஆங்கிலத்திலேயே கேட்டு விடை கண்டுபிடிக்க வைத்தார். பிள்ளைகளின் கவனம் விடையில் இருக்க, மொழி தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. விழுப்புரம் ஜங்ஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் வகுப்புகள் இதைச் செய்யாமலிருப்பது பெரிய இழப்பு.

நோட்டும் இருக்கட்டும். அதில் ‘யாரிடம், எங்கே’ என்று மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள். ‘கிவ் மீ வாட்டர்’ என்பதற்கு நேரே ‘தம்பியிடம், வீட்டில்’ என்று எழுதிக்கொள்ளலாம்.