தகடு கார்பன், தீர்ப்பு ரப்பர்

2022 ஆகஸ்ட். பஹாமாஸ் நாட்டின் லாங் ஐலண்ட் தீவில், கரையை ஒட்டியே ஒரு கிணறு போலத் திறந்துகொண்டு 202 மீட்டர் ஆழம் வரை இறங்கும் டீன்ஸ் ப்ளூ ஹோல். பிரான்ஸின் மார்செய் நகரத்து இளைஞர் அர்னோ ஜெரால்ட் அங்கே ஒரே மூச்சில் 120 மீட்டர் இறங்கித் திரும்பினார். முதுகில் சிலிண்டர் கிடையாது. இழுத்துச் செல்லப் பளுவண்டியும் கிடையாது. காலுக்கு ஒன்றாக இரண்டு நீண்ட துடுப்புகள் மட்டும். அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல 13 மடங்கு. நுரையீரலில் அடைத்துக்கொண்டு போன காற்று பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். ‘பை-ஃபின்’ பிரிவில் அது அன்றைய உலகச் சாதனை.

அதே நீலக்குழி வேறு இரண்டு கணக்குகளையும் வைத்திருக்கிறது. நியூசிலாந்தின் வில்லியம் ட்ரப்ரிட்ஜ் 2016-இல் வெறுங்காலோடு 102 மீட்டர் போய்வந்தார். ரஷ்யாவின் அலெக்ஸி மோல்சனோவ் 2018-இல், இரண்டு காலையும் ஒன்றாகப் பூட்டும் மீன்வால் போன்ற மோனோஃபின்னோடு 130 மீட்டரைத் தொட்டார். ஆட்கள் வேறு, ஆண்டுகள் வேறு; வித்தியாசம் முழுவதையும் காலில் மாட்டியதன் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் வெறுங்கால், இரட்டைத் துடுப்பு, மீன்வால் என்ற வரிசையில் ஆழம் கூடிக்கொண்டே போவது கண்கூடு. காலில் இருப்பது அலங்காரப் பொருள் அல்ல.

மூச்சடக்கி முக்குளிக்கும் இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். முதலில் கண்ணில் படுவது துடுப்பின் தகடான, பளபளக்கும் கருப்புக் கார்பன் பிளேடு. சேமிப்பெல்லாம் அதற்கே போய்விடும். பாதம் நுழையும் ரப்பர் பகுதியான ஃபுட் பாக்கெட்டை, மிச்சமிருக்கும் காசில் கிடைத்ததாகப் பார்த்து வாங்கிவிடுவார்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை. தொடையின் விசை தண்ணீரைத் தொடுவதற்கு முன் அந்த ரப்பரைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே கசிந்த விசையை எந்தக் கார்பனும் மீட்டுத் தராது.

துடுப்பின் வரலாறும் ஏறக்குறைய பாதத்தின் வரலாறுதான். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி து கோர்லியூ 1933-இல் நீச்சல் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1940-இல் அமெரிக்காவின் ஓவன் சர்ச்சில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1952-இல் இத்தாலியின் க்ரெஸ்ஸி நிறுவனத்துக்காக லூயிஜி ஃபெர்ராரோ வடிவமைத்த ‘ரோண்டினே’, குதிகால் வரை பாதத்தை முழுதாக மூடிக்கொண்டது. பிளேடைத் தனியாகவும் பாக்கெட்டைத் தனியாகவும் வாங்கிப் பொருத்தும் வழக்கம் பிற்காலத்தது. தேர்வு பெருகியதும் குழப்பம் பெருகியதும் ஒன்றாகவே நடந்தன.

சரி, கார்பன் எதற்கு? உதைக்கும்போது பிளேடு வில்லைப்போல வளைகிறது, பிறகு நிமிர்கிறது. வளைக்கச் செலவான விசையில் எவ்வளவு நிமிரும்போது திரும்பி வருகிறது என்பதே கேள்வி. பிளாஸ்டிக் அதில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டுச் சோம்பலாக நிமிரும். கார்பன் சட்டென்று நிமிரும், எடையும் குறைவு. கண்ணாடியிழை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பாறையில் ஓர் அடி பட்டால் கார்பன் விளிம்பு பிளக்கக்கூடும் என்பதால், பாறையோரம் மீன் வேட்டையாடுகிறவர்களில் பலர் இன்னும் கண்ணாடியிழையை விடவில்லை.

கார்பன் என்றதும் கடினமானதை வாங்குவது அடுத்த சறுக்கல். மென்மை, நடுத்தரம், கடினம் என்று பிளேடுகள் வருகின்றன. எது யாருக்கு என்பதை முக்குளிப்பின் போக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். முதல் 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி, நுரையீரல் காற்று பாதியாகிறது. அதுவரை உடல் மிதக்கப் பார்க்கும், உதைத்துத்தான் இறங்க வேண்டும். பிறகு மிதப்பு குறைந்து, ஒரு கட்டத்தில் உடல் தானாகவே மூழ்கத் தொடங்கும். தேர்ந்தவர்கள் அங்கே உதைப்பதை நிறுத்திவிட்டுக் கல்லைப்போல விழுகிறார்கள். அந்தச் சலுகைக்கு வட்டி கட்டுவது திரும்பும்போது. அடிமட்டத்தில்தான் உடல் மிகக் கனமாக இருக்கும். மூச்சு பாதி செலவாகியிருக்கும். கால்களுக்குப் போகும் ரத்தமும் சுருங்கியிருக்கும். மிகக் கடினமான பிளேடு அந்த நேரத்தில் வளைய மறுக்கும். உதைப்பவர் தன்னை அறியாமல் முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிக்கத் தொடங்குவார். தொடை எரியும், பிராணவாயு கரையும். மிக மென்மையான பிளேடோ தண்ணீரைத் தள்ளாமல் துவண்டுவிடும். ஆகவே குளத்தில் கிடைமட்டமாக நீந்துகிறவர், 20 மீட்டர் வரை பழகுகிறவர், உடல் எடை குறைந்தவர் ஆகியோருக்குப் பெரும்பாலும் மென்மையானதே போதும். நடுத்தரத்தைத் தாண்டுவதற்குக் காலில் அதற்கான வலுவும், போகிற ஆழத்தில் அதற்கான தேவையும் இருக்க வேண்டும்.

கோணம் இன்னொரு நுணுக்கம். பாதத்தை எவ்வளவு நீட்டினாலும் கணுக்கால் முழுக்க நேர்கோட்டுக்கு வராது. பிளேடு பாதத்தோடு நேராக ஒட்டியிருந்தால் அதன் நுனி முன்பக்கம் சாய்ந்தே நிற்கும். முன் உதைக்கும் பின் உதைக்கும் விசை ஒன்றாக இருக்காது. அதனால்தான் பிளேடைப் பாதத்தின் தளத்திலிருந்து இருபது, முப்பது பாகை அளவில் வளைத்துச் செய்கிறார்கள். கால் நீளும்போது பிளேடு காலின் கோட்டிலேயே வந்து நிற்கும். பாக்கெட்டுக்கும் தனக்கென்று ஒரு சாய்வு இருக்கலாம். இரண்டும் கூடிக் கோணம் மிஞ்சிப்போனால் பின் உதை வீணாகும். பிளேடின் கோணத்தை மட்டும் படித்துவிட்டு வாங்குவது பாதிக் கணக்குதான்.

இனி பாதம். செருப்பு கடித்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். முப்பது மீட்டர் ஆழத்தில் அது நடக்காது. இறுகிய பாக்கெட் விரல்களை மரக்கச் செய்யும், உள்ளங்காலில் பிடிப்பு ஏற்படுத்தும். தளர்ந்த பாக்கெட்டில் ஒவ்வொரு உதையிலும் குதிகால் வழுக்கி, விசையும் வழுக்கிப் போகும், தோலும் உரியும். பாக்கெட்டுகள் பெரும்பாலும் 42/43 என்பதுபோல இரட்டை அளவில் வருகின்றன. எண் ஒன்றாக இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் வார்ப்பு ஒடுங்கியிருக்கும், இன்னொன்று அகன்றிருக்கும். காலுறை போடுவதா இல்லையா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் காலுறை ஒரு அளவையே மாற்றிவிடும். அகலப் பாதம், உயர்ந்த புறங்கால் உள்ளவர்களுக்கு எண்ணைவிட வார்ப்பே முக்கியம். போட்டுக்கொண்டு காலை உதறினால் குதிகால் அசையக்கூடாது. விரல்கள் மடங்காமல் படுத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால் அளவு சரி.

பாக்கெட்டின் இருபுறமும் பிளேடோடு நீளும் ரப்பர் நரம்புகளை டெண்டன் என்கிறார்கள். பலர் பொருட்படுத்தாத பகுதி இது. நரம்பு தடித்து நீண்டிருந்தால் பிளேடின் அடிப்பகுதி வளையாமல் வளைவு நுனிக்குத் தள்ளப்படும். மென்மையானது என்று வாங்கிய பிளேடும் காலுக்குக் கடினமாகத் தெரியும். நரம்பு குட்டையாகவும் இளகியும் இருந்தால் பிளேடு தன் இயல்பான வளைவைக் காட்டும். ஒரே பிளேடை இரண்டு பாக்கெட்டில் மாட்டிப் பார்த்தால், இரண்டு வேறு துடுப்புகளில் நீந்துவதுபோல இருப்பது இதனால்தான். பாதத்தின் அடியில் பிளேடு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. விரல்களுக்கு அடியிலேயே அது நின்றுவிட்டால், உதைக்கும்போது அதற்குப் பின்னால் உள்ள ரப்பர் மடங்கும்.

இத்தாலியின் செட்மா, கிரீஸின் பாத்தோஸ் போன்ற நிறுவனங்கள் பிளேடு, பாக்கெட் இரண்டையும் தாமே செய்கின்றன. ஒரே வீட்டுச் சம்பந்தம் என்பதால் பொருத்தத்தில் சிக்கல் குறைவு. ஒரு நிறுவனத்தின் பிளேடை இன்னொன்றின் பாக்கெட்டில் மாட்டலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பிளேடின் அடிப்பாகம் அந்தப் பாக்கெட்டுக்கென்றே வெட்டப்பட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பிளேடின் ஓரத்தில் ஒட்டப்படும் ரெயில் என்ற ரப்பர் வரம்பு, தண்ணீர் பக்கவாட்டில் வழிந்துவிடாமல் தடுக்கிறது. அதுவும் நரம்பின் முனையும் இடைவெளி இல்லாமல் சந்திக்க வேண்டும். பாக்கெட்டோடு பிளேடைப் பிணைக்கும் திருகாணியை முடுக்கிவிட்டு, நரம்பை ஒட்டிய பசை காயும் முன்பே கடலுக்கு ஓடுகிறவரின் நரம்பு முதல் நாளிலேயே பிரிந்து தொங்கும்.

மாட்டி முடித்ததும் ஒரு குளத்தில், பக்கவாட்டிலிருந்து ஒரு நண்பர் காணொளி எடுத்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இடுப்பிலிருந்து கால் ஆடுகிறதா, முழங்கால் மடங்குகிறதா, முன் உதையிலும் பின் உதையிலும் பிளேடு ஒரே அளவு வளைகிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கால் மடங்கினால் உடனே புது பிளேடைத் தேடத் தேவையில்லை. திருகாணிகளைக் கழற்றி, பசையைப் பிரித்து, நரம்பு இளகிய வேறொரு பாக்கெட்டை மாட்டி, இன்னொரு முறை குளத்தில் இறங்கிப் பார்க்கலாம். புதிய ரப்பரின் விலை புதிய கார்பன் விலையில் ஒரு பகுதிதான்.