இலையில் பொதிந்த திருவிழா

சீனரின் சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதத்தின் ஐந்தாம் நாளில் வரும் டிராகன் படகுத் திருவிழாவுக்குரிய பண்டமான சோங்சி, ஊறவைத்த பசையரிசியை மூங்கில் இலையிலோ நாணல் இலையிலோ கூம்பாகப் பொதிந்து, நூலால் இறுகக் கட்டி, நெடுநேரம் வேகவைத்துச் செய்யப்படுவது. பொ.ஆ.மு. 278 அளவில் மிலுவோ ஆற்றில் உயிர்நீத்த கவிஞர் சூ யுவானின் உடலை மீன்கள் தீண்டாதிருக்க மக்கள் ஆற்றில் சோறு இட்டதே இதன் தொடக்கம் என்பது பரவலான நம்பிக்கை. ஆயினும், இக்கதை 6ஆம் நூற்றாண்டளவில்தான் எழுத்தில் தெளிவு பெறுகிறது. அதற்கு முன்பே, 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோ சூ என்பவர், தானியத்தை இலையில் பொதிந்து சாம்பல் கரைத்த நீரில் அவித்துண்ணும் வழக்கத்தைப் பதிவு செய்து, யின், யாங் எனும் எதிரெதிர் ஆற்றல்கள் பிரியாது ஒன்றியிருக்கும் நிலையின் உருவகமாக அதை விளக்கினார். கவிஞரின் கதை உருக்கமானதே எனினும், கோடைகாலத் தானியச் சடங்கொன்றில் வேர்கொண்ட இப்பழைய விளக்கமே ஆழமானது.

அச்சாம்பல் நீரின் காரத்தன்மை அரிசிக்குப் பொன்னிறமும் நெகிழ்வும் தந்து, அது விரைவில் கெடாமலும் காத்தது. சர்க்கரைப் பாகில் தோய்த்து உண்ணப்படும் கார நீர்ச் சோங்சியாக அந்நுட்பம் தென்சீனத்தில் இன்றும் நிலைத்திருப்பது வியந்து போற்றத்தக்கது. வடக்கே இலந்தையின் இனத்தைச் சேர்ந்த செம்பழமும், தெற்கே பன்றி இறைச்சியும் உப்பிட்ட வாத்து முட்டைக் கருவும் உள்ளீடாகின்றன. இத்திருவிழாவை 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.