கிளெண்டா ஜக்சன்: இரக்கம் யாசியாத நடிப்பு

ஒரு நடிகையின் வாழ்வை அவர் பெற்ற விருதுகளின் பட்டியலாகக் காண்பது ஒரு நோக்கு. அவரது நடிப்பு எத்தகைய சமூக அனுபவத்தினின்றும் ஊற்றெடுத்தது என வினவுவது பிறிதொரு நோக்கு. பிரித்தானிய நடிகை கிளெண்டா ஜக்சன் (1936 - 2023) பற்றி எழுதுவோர் அவரது வாழ்வைக் கலை என்றும் அரசியல் என்றும் இரண்டாகப் பிளந்து விடுவதுண்டு. அப்பிளவு பொருத்தமானதுதானா என்பது ஆராயத்தக்கது.

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள பேர்க்கன்ஹெட் நகரில் கட்டடத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர் ஜக்சன். பாடசாலையை விட்டபின் இரண்டாண்டுகள் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்தார். பின்னரே இலண்டனில் நாடகப் பயிற்சி பெற்றார். நடிப்பைத் தெய்வ அருளாகக் கொள்ளாது உழைப்பாகக் கொண்ட அவரது மனப்பாங்குக்கு இப்பின்னணியே அடித்தளம் எனலாம்.

1964இல் பீற்றர் புறூக் நெறிப்படுத்திய பீற்றர் வைஸின் 'மாரா/சாட்' நாடகம் அவரை உலகறியச் செய்தது. பிரெஞ்சுப் புரட்சியை மனநோய் விடுதி ஒன்றின் நோயாளிகள் நடித்துக் காட்டுவதாக அமைந்தது அந்நாடகம். மாராவைக் கொலை செய்யும் சார்லொற் கோர்டேயாக நடிக்கும், உறக்கநோய் கொண்ட ஒரு பெண்ணின் பாத்திரம் ஜக்சனுடையது. நோயாளியாகவும், அந்நோயாளி ஏற்ற வேடமாகவும் ஒரே வேளையில் நிற்கவேண்டிய நிலை அது. பார்வையாளர் பாத்திரத்தோடு ஒன்றிக் கண்ணீர் வடிப்பதற்கு அங்கு இடமில்லை. ஆர்த்தோவின் கொடூர அரங்கும் பிறெக்ற்றின் விலகி நோக்கும் அரங்கும் சந்தித்த அம்மேடையில், இரக்கத்தை யாசியாது சிந்தனையைத் தூண்டும் நடிப்பை அவர் பயின்றார்.

இப்பண்பு திரைக்கும் வந்தது. டி. எச். லோறன்சின் நாவலைத் தழுவிய 'காதலிக்கும் பெண்கள்' (1969) படத்தில் அவர் ஏற்ற குட்றன், ஆணின் ஆதிக்கத்துக்கு வளைந்து கொடுக்காதவள். அதற்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. 1971இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரில் முதலாம் எலிசபெத் அரசியை இளமை முதல் முதுமை வரை சித்திரித்தார். தலையின் முன்பகுதியை மழித்துக்கொண்டு நடித்த அவர், அரசியின் அழகையன்றி அதிகாரத்தின் தனிமையையே காட்டினார். ஆயின் இரண்டாவது ஒஸ்கார், 1973இல் வெளியான இலேசான நகைச்சுவைப் படமொன்றுக்கே கிடைத்தது. அவரது முழு ஆற்றலையும் கோராத படம் அது. விருதுகள் கலையின் அளவுகோலல்ல என்பதற்கு இதுவே சான்று.

1992இல் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றம் சென்ற ஜக்சன், 23 ஆண்டுகள் அங்கிருந்தார். 1997 முதல் 1999 வரை போக்குவரத்துத் துறையில் இளநிலை அமைச்சராகப் பணியாற்றினார். எனினும், அமைச்சுப் பதவியிலும் பார்க்க, ஈராக் போரில் தம் கட்சித் தலைமையையே எதிர்த்து நின்றமையே அவரது அரசியலின் உயரிய பகுதி. 2013இல் மார்கிரெட் தச்சரின் மறைவையொட்டி அவையில் புகழுரைகள் நிகழ்ந்தபோது, அவரது ஆட்சி விளைவித்த சமூகத் தீங்குகளை ஜக்சன் எடுத்துரைத்தார். அவையின் உவப்பை அவர் நாடவில்லை. மேடையில் பார்வையாளரின் உவப்பை நாடாத அதே இயல்பே ஈண்டும் தொழிற்பட்டது.

இதனால் அரங்கு இழந்தது சிறிதன்று. ஒரு நடிகையின் முதிர்ச்சி மிகுந்த ஆண்டுகள் மேடைக்குக் கிட்டாமற் போயின. ஆயினும் 2016இல், எண்பதாவது வயதில், இலண்டன் ஓல்ட் விக் அரங்கில் லியர் மன்னனாக அவர் மீண்டார். அதிகாரம் இழந்து புயலில் நின்ற பின்னரே தன் நாட்டின் வீடற்ற ஏழைகளை எண்ணிப் பார்க்கும் மன்னன் லியர். வாக்காளரின் வறுமையை இரு தசாப்தங்கள் நேரிற் கேட்ட ஒருவர் அப்பாத்திரத்தை ஏற்றமை தற்செயலாக இருக்கலாம், பொருளற்றதன்று.

எனவே, ஜக்சன் கலையை விட்டு அரசியலுக்குச் சென்று மீண்டவர் என்பதிலும், ஒரே நேர்மையை இருவேறு மேடைகளில் நிலைநாட்டியவர் என்பதே பொருந்தும். கலைஞர் சமூகத்துக்கு அப்பாற்பட்டவர் எனும் வாதத்துக்கு அவரது வாழ்வே மறுப்பாகும்.