கோவிட்-19: மார்பு சி.டி. மதிப்பெண் – ஒரு விமர்சனம்

கோவிட்-19 நோயாளரின் மார்பு சி.டி. படத்தில் பொதுவாகக் காணப்படுவது, இரு நுரையீரல்களின் ஓரங்களிலும் கீழ் மடல்களிலும் தோன்றும், தேய்த்த கண்ணாடி போன்ற மங்கலாகும். ஐந்து மடல்களுக்கும் 0 முதல் 5 வரை புள்ளியிட்டு, மொத்தம் 25க்குப் பாதிப்பு கணக்கிடப்படுகிறது. 2021 இரண்டாம் அலையில் இந்த எண் தேர்வு மதிப்பெண் போலப் பேசப்பட்டது.

ஆனால் படம் வைரசைக் காட்டுவதில்லை. நுரையீரலில் ஏற்பட்ட மாற்றத்தையே காட்டுகிறது. பிற வைரசு நிமோனியாக்களிலும் இத்தகைய மங்கல் உண்டு. 2020 இல் வெளியான வூகான் ஆய்வில், ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் தொற்று உறுதியான 601 பேரில் 580 பேருக்குப் படத்தில் மாற்றம் இருந்தது. இதைக் கொண்டே சி.டி. போற்றப்பட்டது. தொற்று இல்லை என முடிவு வந்த 413 பேரில் 308 பேருக்கும் மாற்றம் இருந்தது. அவர்களுள் சிலருக்குச் சோதனை தவறவிட்ட தொற்று இருந்திருக்கலாம். ஆயினும் படம் மட்டும் நோயைப் பிரித்தறியப் போதாது.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். வளவனூரில் காய்ச்சல் கண்ட ஒருவர் முதல் இரண்டு நாளில் விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ சென்று படம் எடுத்தால், அது இயல்பாகவே இருக்கலாம். அதை நம்பி அவர் தனித்திருக்காவிட்டால் வீட்டாருக்கும் தொற்று பரவும். அவர் கவனிக்க வேண்டியது மூச்சுத்திணறலையும், பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் ஆக்சிசன் அளவையும் ஆகும். அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

நோய் திடீரென முற்றும்போதும், நுரையீரல் நாளங்களில் இரத்தம் உறைந்ததாக ஐயம் எழும்போதும் சி.டி. உதவும். அது மருத்துவரின் கேள்விக்குத் துணைவிடை. நோயின் தீர்ப்பு அன்று.