பெட்டிக்கு ஓர் ஆள்

திருவள்ளூர் மணவாள நகர் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் சென்ற ஆண்டு மாணவியர் வாலிபால் இறுதி ஆட்டம் பார்த்தேன். பரிசளிப்பில் ‘சிறந்த ஆட்டக்காரர்’ கேடயம், வலது கணுக்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிய ஒரு பத்தாம் வகுப்பு மாணவிக்குப் போனது. அரையிறுதியில் பிளாக் எடுக்க எகிறி, இறங்கும்போது எதிரணிப் பெண்ணின் பாதத்தின் மேல் கால் வைத்துச் சாய்ந்தவள். ஸ்ப்ரே அடித்தார்கள், துணி சுற்றினார்கள், ஷூ லேஸை இறுக்கிக் கட்டினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் இறுதி ஆட்டத்தில் நின்றாள். மைக் பிடித்தவர் “வலியைப் பொருட்படுத்தாமல் பள்ளிக்காக ஆடிய வீரமங்கை” என்றார். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. நானும்தான் தட்டினேன். மேடையின் மூன்று படிகளை இறங்க அவள் தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டதைக் கண்ட பிறகே என் கை நின்றது.

அந்தப் போட்டியின் அழைப்பிதழில் ‘முதலுதவி வசதி செய்யப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி இருந்தது. பொய்யில்லை. நடுவர் மேசைக்கு அடியில் பெட்டி இருந்தது. பெற்றோர் ஒப்புதல் கடிதங்கள் கோப்பில் இருந்தன. 108-க்குப் போன் போட்டால் வண்டி வரும். இன்று பள்ளி விளையாட்டில் காயத்தைச் சமாளிப்பது என்றால் நாம் சொல்வது இந்த மூன்றைத்தான்: பெட்டி, கடிதம், வண்டி.

இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2008-ல் 108 வருவதற்கு முன் கை முறிந்த பையனை வாத்தியார் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஊர்கள் உண்டு. 2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மைதானம் பற்றியும் பேசலாம். ஆடுகளத்தைச் சுற்றி மூன்று மீட்டராவது வெற்றிடம் வேண்டும், நெட் கம்பங்களை இழுகம்பி இல்லாமல் நட வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் மைதானங்களில் கம்பியும் முளைக்குச்சியும் இன்னும் காலைத் தடுக்கின்றன. ஆனால் மைதானத்தைச் சீர்செய்யப் பணம் வேண்டும், ஆணை வேண்டும். என் குறை பத்துப் பைசா செலவில்லாத ஒன்றைப் பற்றியது. பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு ஸ்ப்ரேயை எடுக்கப் போய்விடுகிறார்கள்.

அடிபட்ட பிள்ளை மறுபடி இறங்கலாமா என்று முடிவு செய்வது யார்?

அந்த அணியின் பி.டி. ஆசிரியர். அவர்தான் பயிற்சியாளர், மேலாளர், தகுதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கியவர், மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குச் சொன்னவர். முதலுதவி செய்வதும் அவரே. ஜெயிக்க வேண்டியவரும் அவரே. அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. சொந்தக் காசில் பந்து வாங்கிக் கொடுக்கும் பி.டி. ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு பேர் அணியில் உருப்படியாக நெட்டில் ஆடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருத்தி கீழே கிடக்கிறாள், அடுத்த ஆட்டம் இறுதி ஆட்டம் என்ற நிலையில் அவரிடம் நடுநிலையான மருத்துவ முடிவை எதிர்பார்ப்பது அவருக்கே செய்யும் கொடுமை.

அவர் குனிந்து கேட்கிறார்: “கால் எப்படிம்மா இருக்கு?” அவள் சொல்கிறாள்: “பரவால்ல சார், ஆடிடுவேன்.” பதினைந்து வயதுப் பெண் வேறென்ன சொல்வாள்? குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம், அங்கே ஜெயித்தால் மாநிலம். மாநிலச் சான்றிதழ் கையில் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, பிறகு அரசு வேலையில் மூன்று சதவீதம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றி நிற்கும் பதினோரு பேரும் அவள் வாயையே பார்க்கிறார்கள். ‘பிள்ளையே ஆடுறேன்னு சொல்லுச்சு’ என்று பிறகு சொல்லப்படும் சமாதானத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை.

இத்தனைக்கும் வாலிபால் விதிப்புத்தகம் இதில் தெளிவாக இருக்கிறது. அடிபட்டவரை முறைப்படி மாற்ற வழியில்லாதபோது விதிவிலக்காக வேறொருவரை இறக்கலாம். அப்படி வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வர முடியாது. யாரையும் மாற்றவே முடியாவிட்டால் மூன்று நிமிடம் தருவார்கள், ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரே முறை. ஆனால் இதெல்லாம் ஓர் ஆட்டத்துக்குள்தான் செல்லும். நம் பள்ளிப் போட்டிகளோ பெரும்பாலும் நாக்-அவுட். காலையில் தொடங்கிச் சாயங்காலம் கோப்பை கொடுத்தாக வேண்டும். பத்து மணிக்கு மடங்கிய கால் பன்னிரண்டு மணிக்கு, விதியின் கண்ணில், புதுக்கால்.

உடம்பின் கணக்கு வேறு. வாலிபாலில் திடீரென ஏற்படும் காயங்களில் முதலிடம் கணுக்கால் சுளுக்குக்கு. பெரும்பாலும் அது நெட்டுக்கு அடியில், இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்கும்போது நடக்கிறது. நார்வே வாலிபால் அணிகளிடம் செய்து 1997-ல் வெளியான ஆய்வில் இந்தச் சுளுக்குகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. எகிறுவதையும் இறங்குவதையும் சொல்லித்தந்தார்கள், ஆடும் பலகை மேல் நின்று சமநிலை பழக்கினார்கள், காயம் எப்படி வருகிறது என்று ஆட்டக்காரர்களுக்கு விளக்கினார்கள். அவ்வளவுதான். ஒரு முறை மடங்கிய கணுக்கால் அடுத்த சில மாதங்களில் மறுபடி மடங்க வாய்ப்பு மிக அதிகம் என்பதும் அதே ஆய்வாளர்கள் கண்டதே. மாதக்கணக்கில் பார்க்க வேண்டிய காலுக்கு நாம் ஒன்றரை மணி நேரம் கொடுக்கிறோம்.

ஸ்ப்ரே தோலைக் குளிர்வித்து வலியை மட்டுப்படுத்தும். கிழிந்த தசைநாரை ஒட்ட வைக்காது. ‘இங்கே சரியில்லை’ என்று கால் எழுதிய புகார் மனுவை வாங்கிக் கிழித்துப்போடும் வேலைதான் அது. வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டில் விழும் முறிவு வெளியே பார்க்கச் சாதாரணச் சுளுக்குப் போலவே இருக்கும். 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை வகுத்தார்கள். நான்கு அடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்திப் பாருங்கள். நடக்க முடியாவிட்டாலோ அங்கே அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். இதைச் செய்ய ஒரு நிமிடம் ஆகாது. நான் பார்த்த எந்தப் பள்ளிப் போட்டியிலும் யாரும் செய்ததில்லை. சாயங்காலம் வீட்டில் எண்ணெய் போட்டு வழித்துவிடுவார்கள். வீக்கம் வடியாவிட்டால் அடுத்த வாரம் ரயிலேறிப் புத்தூர் கட்டு. நம் பக்கத்தில் அதுதான் இரண்டாவது அபிப்பிராயம்.

இதே மாவட்டத்தில் இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் காக்களூர் சிட்கோவிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஷிப்டு பார்க்கிறார்கள். அவர்களுக்காக 1948-ல் எழுதிய தொழிற்சாலைகள் சட்டம் 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. அத்தோடு விட்டதா? பெட்டிக்குத் தனியாக ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவர் முதலுதவிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்கக் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும் என்றும் எழுதியது. அடிபட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் மேலே தகவல் தெரிவிக்கச் சொன்னது. அப்பாவின் கணுக்காலுக்கு ஒரு பதிவேடு உண்டு. மகளின் கணுக்காலுக்குக் கேடயம்.

“எங்க காலத்துல ஸ்ப்ரே கூடக் கிடையாதுங்க, மண்ணுல விழுந்து எழுந்துதான் ஆடினோம். பழனிசாமி வரலையா, ஸ்ரீதரன் வரலையா?” என்று பழைய ஆட்டக்காரர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். வந்தார்கள். 1961-ல் பழனிசாமியும் 1982-ல் ஜி.இ.ஸ்ரீதரனும் அர்ஜுனா விருது வாங்கியது தமிழ்நாட்டு வாலிபாலுக்கே பெருமை. ஆனால் அதே மண்ணில் கால் போய், பதினெட்டு வயதில் ஆட்டத்தை விட்டவர்களின் பெயர் எந்தப் பள்ளியின் சுவரிலும் எழுதப்படவில்லை. எழுதாததாலேயே அப்படி யாரும் இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். வீரம் வீரம் என்று மேடையில் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் சொந்த மகளை அந்தக் காலோடு களத்தில் இறக்குவார்கள்? ஒருவர்கூட மாட்டார் என்றே நினைக்கிறேன். இது கொஞ்சம் கடுமையான பேச்சுதான், இருக்கட்டும்.

நான் கேட்பது இதுதான்: நம் பெட்டிக்கும் தனியாக ஓர் ஆள் வேண்டும், அடிபட்ட பிள்ளை மறுபடி இறங்கலாமா என்பதை அவர் சொல்ல வேண்டும். ஆளுக்கு எங்கே போவது என்பார்கள். நம் பள்ளிகளில் ஜூனியர் ரெட் கிராஸ் பொறுப்பாசிரியர் இருக்கிறார். பேரணியில் கொடி பிடிக்க மட்டும் அவரை அழைக்க வேண்டியதில்லை. அன்று ஆடாத பள்ளியின் ஆசிரியர் இருக்கிறார். (அவர் காழ்ப்பில் ‘ஆடக் கூடாது’ என்று சொல்லிவிடுவார் என்றார் ஒரு நண்பர். சொல்லட்டுமே. ஒரு கோப்பை கை மாறிப்போகும், அவ்வளவுதான்.) பெட்டிக்குப் பொறுப்பான ஆள் வேண்டாம் என்றால் அடிபட்ட பிள்ளை அன்றைக்கு இறங்கக் கூடாது. யாருக்கு எந்த ஆட்டத்தில் எங்கே அடி என்பது ஒரு நாற்பது பக்க நோட்டில் ஏற வேண்டும்.

இந்த ஆண்டுக் குறுவட்டத்துக்கு அட்டவணை போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ‘முதலுதவி வசதி’ என்ற வரிக்கு எதிரே ஒரு பெயரை எழுதுங்கள். அன்று ஆடும் எந்த அணியின் ஆசிரியர் பெயராகவும் அது இருக்க வேண்டாம்.